இருட்டியதும் நின்றுபோகும் கேமராக்கள்: எந்த ஸ்விட்ச் வாங்கலாம்?

சரக்குக் கிடங்கு நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய முன்கட்டடத்தில் அலுவலகமும் கிடங்கும் இருக்கின்றன. அங்கே எட்டு கேமராக்கள். ஏழு நிலையானவை, ஒன்று வாசலைப் பார்க்கும் சுழலும் கேமரா. எல்லாம் ஒரே எட்டுப் போர்ட் பிஓஇ ஸ்விட்சில் இணைந்திருக்கின்றன. ஸ்விட்ச் என்பது கேமராக் கேபிள்கள் வந்துசேரும் பெட்டி, போர்ட் என்பது அதில் கேபிள் செருகும் இடம், ஒரே கேபிளில் தரவோடு மின்சாரமும் தரும் முறைதான் பிஓஇ. பகலில் ஒரு குறையும் இல்லை. இருட்டியதும் ஏழாவது, எட்டாவது கேமராக்கள் நின்றுவிடுகின்றன. சில நிமிடங்களில் வருகின்றன, மறுபடி போகின்றன. பொருத்தித் தந்தவர் கேமராவில்தான் கோளாறு என்று சொல்லி, அந்த இரண்டையும் ஏற்கெனவே மாற்றியும் பார்த்துவிட்டார். பலன் இல்லை.

இப்போது 140 மீட்டர் தள்ளிப் பின்னால் புதுக் கிடங்கு கட்டியிருக்கிறார். அங்கே ஆறு 8 மெகாபிக்சல் கேமராக்கள் வரப்போகின்றன. பொருத்துபவர், “16 போர்ட் உள்ள 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒன்று போதும், அதில் 250 மீட்டர் பட்டன் இருக்கிறது, எல்லாக் கேபிளையும் முன்னாலேயே கொண்டுவந்துவிடலாம்” என்கிறார். ஐடி துறையில் இருக்கும் உறவினரோ, “10 கிகாபிட் மேனேஜ்டு ஸ்விட்சுக்குக் குறைந்து எதையும் வாங்காதே” என்கிறார். (எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் கடக்கும் தரவின் அளவு, ஆயிரம் எம்பிபிஎஸ் ஒரு கிகாபிட். மேனேஜ்டு என்றால் அமைப்புகளை நாமே பார்த்து மாற்றக்கூடியது.) கேமராக்களை அலுவலகத்தின் பில்லிங் கணினிகள் இருக்கும் அதே நெட்வொர்க்கில் சேர்க்கலாமா என்பது இன்னொரு கேள்வி. ஸ்விட்சின் அடியில் இருக்கும் ஸ்டிக்கர், கேமராக்களின் விவரத்தாள், கேமராப் படங்களைப் பதிந்து வைக்கும் என்விஆரின் பின்பக்கம் ஆகியவற்றைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அது பெரிய உதவி.

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவரும் வேகத்தைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். கேமராவுக்கு ஸ்விட்ச் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது வாட் கணக்கை. உங்கள் இரவுப் பிரச்சினைக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது என்பதால், புது ஸ்விட்சைப் பற்றிப் பேசும் முன் அதை முடித்துவிடுவோம்.

இருட்டியதும் என்ன நடக்கிறது

உங்கள் ஸ்விட்சின் மேல்பக்கம் “போர்ட்டுக்கு 30 வாட்” என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அடியில் உள்ள ஸ்டிக்கரில் “மொத்தம் 60 வாட்” என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. முதல் எண்ணைப் பார்த்துவிட்டு எட்டுப் போர்ட்டுக்கு 240 வாட் கிடைக்கும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அப்படிக் கிடைக்காது. எந்த ஒரு போர்ட்டும் 30 வாட் வரை தரலாம், ஆனால் எல்லாப் போர்ட்டும் சேர்ந்து 60 வாட்டைத் தாண்டக் கூடாது என்பதே அந்த இரண்டு எண்களுக்கும் பொருள். பிஓஇ ஸ்விட்சில் முதலில் பார்க்க வேண்டியது இந்த மொத்த எண்ணைத்தான்.

இனி உங்கள் கேமராக்களின் விவரத்தாளுக்கு வருவோம். நிலையான கேமரா ஒவ்வொன்றும் பகலில் 5 வாட் எடுக்கிறது. இருட்டியதும், இருளில் படம் எடுக்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியத் தொடங்குவதால் 8 வாட் ஆகிறது. சுழலும் கேமரா பகலில் 12, இரவில் 18. பகல் கணக்கு: ஏழு கேமராவுக்கு 35, சுழலும் கேமராவுக்கு 12, ஆக 47 வாட். 60-க்குள் அடங்கிவிடுகிறது. இரவில் 56-உம் 18-உம் சேர்ந்து 74 ஆகிவிடுகிறது. அவ்வளவு தர முடியாத ஸ்விட்ச் சில போர்ட்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்துகிறது. முன்னுரிமை எதுவும் அமைக்காத ஸ்விட்ச் பெரும்பாலும் கடைசி எண் போர்ட்டிலிருந்து நிறுத்திக்கொண்டு வரும். எட்டை நிறுத்தினால் 66, ஏழையும் நிறுத்தினால் 58. அதனால்தான் இரண்டு கேமராக்கள், அதுவும் அந்த இரண்டே. சற்று நேரம் கழித்து ஸ்விட்ச் மறுபடி கொடுத்துப் பார்க்கிறது, மறுபடி எல்லை மீறுகிறது. நீங்கள் பார்க்கும் போவதும் வருவதும் இதுதான்.

இதை நிரூபிக்கச் செலவே இல்லை. ஒரே ஒரு இரவு, வாசலில் வேறு காவல் ஏற்பாடு செய்துகொண்டு, சுழலும் கேமராவின் கேபிளை ஸ்விட்சிலிருந்து கழற்றி வையுங்கள். ஏழும் எட்டும் விடியும்வரை நின்றுபோகாமல் ஓடினால் கேமராக்களில் குறை இல்லை என்பது உறுதி. அப்படியானால் கோளாறு என்று சொல்லிக் கழற்றிய பழைய இரண்டு கேமராக்களும் நல்ல நிலையில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவற்றை ஒரு பிஓஇ இன்ஜெக்டரில் (ஒரே ஒரு கருவிக்கு மின்சாரம் தரும் சிறு பெட்டி) போட்டு, உங்கள் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். புதுக் கேமராக்களுக்கு நீங்கள் கொடுத்த பணத்தைப் பற்றிப் பேசவும் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

எத்தனை வாட் போதும்

பிஓஇ-க்கு மூன்று தரநிலைகள் புழக்கத்தில் இருக்கின்றன. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் போர்ட்டில் 15.4 வாட் தருகிறது. நூறு மீட்டர் கேபிளில் ஏற்படும் இழப்பு போக, மறுமுனையில் உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 2009-இன் 802.3ஏடி 30 வாட் தருகிறது, மறுமுனையில் 25.5. 2018-இன் 802.3பிடி 60, 90 வாட் வரை போகிறது. சூடேற்றி பொருத்திய பெரிய சுழலும் கேமராக்களுக்கு அது தேவைப்படலாம், உங்களுக்கு வேண்டாம். உங்கள் நிலையான கேமராக்களுக்கு ஏஎஃப் போதும். 18 வாட் கேட்கும் வாசல் கேமராவுக்கு ஏடி கட்டாயம்.

மொத்தக் கணக்கை எப்போதும் இரவு எண்ணை வைத்தே போடுங்கள். முன்கட்டடத்துக்கு 74 வாட். அதன்மேல் கால் பங்கு கூடுதலாக வைத்தால் சுமார் 92. இன்னும் நான்கு கேமராக்கள் சேரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு 32. ஆகவே 125 வாட்டுக்குக் குறையாத 16 போர்ட் ஸ்விட்ச் வேண்டும். 150 வாட் கிடைத்தால் நிம்மதி. பின்கிடங்கின் ஆறு கேமராக்களும் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 10 வாட் என்கிறது விவரத்தாள். கூடுதலையும், பிறகு வரக்கூடிய இரண்டு கேமராக்களையும் சேர்த்தால் 95 வாட் வருகிறது. எட்டுப் போர்ட், 100 முதல் 120 வாட் வரை உள்ள ஸ்விட்ச் பொருந்தும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில ஸ்விட்சுகள் கேமரா உண்மையில் எடுக்கும் வாட்டைப் பார்க்காமல், அது அறிவிக்கும் மின்தேவை வகுப்பைப் பார்த்து மின்சாரத்தை ஒதுக்கி வைக்கும். வகுப்பு சொல்லாத கேமராவுக்கு 15.4 வாட் முழுவதையும் ஒதுக்கிவிடும், அது 6 வாட் மட்டும் எடுத்தாலும்கூட. அப்படிப்பட்ட ஸ்விட்சில் உங்கள் கணக்கு சரியாக இருந்தும் கேமரா இயங்காது. வாங்கும் முன், ஒதுக்கீடு உண்மைப் பயன்பாட்டின்படியா வகுப்பின்படியா என்று கேளுங்கள். மாற்றிக்கொள்ள வசதி இருந்தால் நல்லது.

தரநிலை எண் எதுவும் போடாமல் வெறுமனே “பிஓஇ” என்று மட்டும் எழுதியிருக்கும் ஸ்விட்சைத் தொடாதீர்கள். தரநிலைப்படி செய்த ஸ்விட்ச், மறுமுனையில் இருப்பது பிஓஇ கருவிதானா என்று முதலில் குறைந்த மின்னழுத்தத்தில் சோதித்துவிட்டுத்தான் முழு மின்சாரம் தரும். அதனால் யாராவது தெரியாமல் மடிக்கணினியைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. “பாஸிவ் பிஓஇ” வகையில் இந்தச் சோதனை கிடையாது. எதைச் செருகினாலும் மின்சாரம் பாயும்.

வேகம்: இருவர் சொன்னதிலும் பாதி சரி

உங்கள் கேமராக்கள் ஒவ்வொன்றுக்கும் 100 எம்பிபிஎஸ் போர்ட்டே தாராளம். 4 மெகாபிக்சல் கேமராவை 6 எம்பிபிஎஸ்ஸில் வைத்திருக்கிறீர்கள், 8 மெகாபிக்சலுக்கு 10 வைக்கலாம். இந்த அளவுக்குக் கேமரா பக்கம் கிகாபிட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படத்தில் வித்தியாசம் தெரியாது. இதுவரை பொருத்துபவர் சொன்னது சரி.

சிக்கல் எல்லாம் ஒன்றுசேரும் இடத்தில் வருகிறது. முன்னால் எட்டு கேமராக்களுக்கு 48, பின்னால் ஆறுக்கு 60, ஆக மொத்தம் 108 எம்பிபிஎஸ். இத்தனையும் ஒரே ஒரு போர்ட் வழியாக என்விஆருக்குள் போக வேண்டும். அந்தப் போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றால் அடங்காது. படம் உறையும், கட்டம் கட்டமாகச் சிதையும், பதிவில் இடைவெளி விழும். சம்பவம் நடந்த நிமிடம் அந்த இடைவெளியில் போய்விட்டால் கேமரா வைத்தும் வைக்காத கதைதான். ஆகவே என்விஆருக்குப் போகும் போர்ட்டும், இரு கட்டடங்களை இணைக்கும் அப்லிங்க் போர்ட்டும் கண்டிப்பாக கிகாபிட்டாக இருக்க வேண்டும். அவர் சொல்லும் ஸ்விட்சில் அப்படி இரண்டு கிகாபிட் போர்ட்டுகள் தனியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் வேக விஷயத்தில் அது போதும். என்னைக் கேட்டால் முன்கட்டடத்துக்கு எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டாக உள்ளதையே வாங்கச் சொல்வேன். பார்க்கும் கணினி, இரண்டாவது என்விஆர் என்று நாளைக்கு எது வந்தாலும் எந்தப் போர்ட்டில் செருகுவது என்ற குழப்பம் இருக்காது.

உறவினர் சொல்லும் 10 கிகாபிட் உங்களுக்குத் தேவையே இல்லை. உங்கள் மொத்தப் போக்குவரத்து ஒரு கிகாபிட்டில் ஒன்பதில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அந்தப் பணத்தை நல்ல கேபிளுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் செலவிடுங்கள். ஹார்டு டிஸ்க் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு எம்பிபிஎஸ் ஒரு நாள் முழுக்கப் பதிவானால் 10.8 ஜிகாபைட். 108 எம்பிபிஎஸ் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.17 டெராபைட். முப்பது நாள் பதிவு வேண்டும் என்கிறீர்கள், அதற்கு 35 டெராபைட் ஆகும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்வது, இரவில் ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைப்பது போன்றவற்றை யோசிக்க வேண்டியிருக்கும். என்விஆர் மொத்தம் எத்தனை எம்பிபிஎஸ் உள்வாங்கும் என்றும் அதன் விவரத்தாளில் பாருங்கள். அது 80 என்றால், எந்த ஸ்விட்ச் வாங்கினாலும் எல்லாக் கேமராக்களையும் இதே தரத்தில் பதிய முடியாது.

அந்த 250 மீட்டர் பட்டன்

இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வேண்டாம். செம்புக் கேபிளில் ஈத்தர்நெட்டின் எல்லை 100 மீட்டர். அந்தப் பட்டனைப் போட்டதும் ஸ்விட்ச் போர்ட்டின் வேகத்தை 10 எம்பிபிஎஸ்ஸாக இறக்கித்தான் தூரத்தை நீட்டுகிறது. உங்கள் புதுக் கேமரா ஒன்றுக்கே 10 எம்பிபிஎஸ் வேண்டும். அப்படியென்றால் மூச்சுவிட இடமில்லை. போதாததற்கு, கேபிள் நீள நீள மின்னழுத்தமும் குறையும். ஐஆர் விளக்கு எரியும் நேரத்தில் அது போதாமல் கேமரா மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். இப்போது இரண்டு கேமராக்களில் படும் அவதியை ஆறில் படுவீர்கள்.

அதைவிடப் பெரிய கவலை எனக்கு இடி மின்னல். கட்டடத்துக்குக் கட்டடம் திறந்தவெளியில் ஆறு செம்புக் கேபிள்கள் ஓடினால், அருகில் விழும் மின்னலின் தாக்கம் அவற்றின் வழியே ஸ்விட்சுக்குள்ளும் என்விஆருக்குள்ளும் வர வழி கிடைக்கிறது. இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று சொல்லவும் முடியாது.

பின்கிடங்கில் தனியாக ஓர் எட்டுப் போர்ட் ஸ்விட்சை வைத்து, இரண்டையும் ஒளியால் தரவு கடத்தும் ஒரே ஒரு ஃபைபர் கேபிளால் இணையுங்கள். ஃபைபர் வழியாக மின்சாரம் கடக்காது, 140 மீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை. இரண்டு ஸ்விட்சிலும் ஃபைபர் மாட்யூலைச் செருகும் எஸ்எஃப்பி இடம் இருக்க வேண்டும். இருபுறமும் ஒன்றுக்கொன்று பொருந்தும் மாட்யூல் வாங்க வேண்டும். சிங்கிள் மோடு (ஒற்றை ஒளிப்பாதை) வகைக் கேபிளே போடுங்கள். தேவை இரண்டு இழைதான் என்றாலும் நான்கு இழை உள்ளதைப் பதியுங்கள், ஒன்று முறிந்தால் மறுபடி தோண்ட வேண்டாம். உலோகக் கவசம் உள்ள ஃபைபர் என்றால் அந்தக் கவசத்தை முறைப்படி எர்த் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஃபைபர் போட்டதன் பயனில் பாதி போய்விடும். வெளிச்சுவரில் இருக்கும் கேமராக்களின் கேபிள்களுக்கு சர்ஜ் (திடீர் மின்னெழுச்சி) பாதுகாப்பும் கேளுங்கள்.

கட்டடத்துக்குள் ஓடும் கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். சிசிஏ என்று ஒரு வகை உண்டு, அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதில் மின்தடை அதிகம். அதனால் இழப்பும் சூடும் அதிகம். பிஓஇ-க்கு அது ஆகாது.

மேனேஜ்டு வேண்டுமா

வேண்டும், ஆனால் பெரிய நிறுவனங்கள் வாங்கும் வகை அல்ல. பிரவுசரில் திறந்து அமைக்கக்கூடிய எளிய மேனேஜ்டு வகை போதும். உங்களுக்கு அதில் கிடைக்கும் முதல் லாபம், எந்தப் போர்ட் எத்தனை வாட் எடுக்கிறது என்று திரையில் பார்க்கலாம். அது முன்பே இருந்திருந்தால் இரண்டு கேமராக்களை மாற்றியிருக்க மாட்டீர்கள். பின்கிடங்கில் ஒரு கேமரா உறைந்துபோனால், நடந்து போய் ஏணி போடாமல், முன்னாலிருந்தே அந்தப் போர்ட்டை அணைத்து ஏற்றலாம். கேமரா பதில் சொல்லாவிட்டால் தானாகவே அணைத்து ஏற்றும் வசதியும் சிலவற்றில் உண்டு. வாசல் கேமராவுக்கு முதல் முன்னுரிமையும் தரலாம்.

பில்லிங் கணினிகளோடு சேர்க்கலாமா

சேர்க்காதீர்கள். கேமராக்களால் அலுவலக நெட்வொர்க் மெதுவாகும் என்று பயப்படுகிறீர்கள். எனக்கு அதைவிடப் பாதுகாப்பில்தான் கவலை அதிகம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிகளையும் பெருமளவில் கைப்பற்றி, அவற்றை வைத்தே இணையச் சேவைகளை முடக்கியது. கேமரா என்பதும் ஒரு சிறு கணினிதான். அது வெளிச்சுவரில் தொங்குகிறது. அதைக் கழற்றி, கேபிளைத் தன் மடிக்கணினியில் செருகும் ஒருவர் உங்கள் கணக்குவழக்கு இருக்கும் நெட்வொர்க்குக்குள் நேராக வந்து நிற்கக் கூடாது.

உங்கள் என்விஆரின் பின்பக்கத்தில் இரண்டு லேன் போர்ட் தெரிகிறது. நல்லதாகப் போயிற்று. ஒன்றில் கேமரா ஸ்விட்ச், மற்றொன்றில் அலுவலக நெட்வொர்க். இரண்டுக்கும் வெவ்வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி) வரிசை. என்விஆர் அமைப்பில் இரண்டு போர்ட்டும் தனித்தனி முகவரியோடு இயங்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலவற்றில் இரண்டையும் ஒன்றாக்கும் முறை ஏற்கெனவே போட்டிருக்கும், அதை மாற்றச் சொல்லுங்கள். இப்படிச் செய்தால் விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் நெட்வொர்க்கைப் பிரிக்கும் முறை) அமைக்கும் வேலைகூட இல்லாமல் கேமராக்கள் தனியாகிவிடும். அவற்றுக்கு இணையமே வேண்டாம். நேரத்தை மட்டும் என்விஆரிடமிருந்து எடுக்கும்படி அமைக்க வேண்டும். இதை மறந்தால் மாதங்கள் போகப் போகக் கேமராவின் கடிகாரம் விலகி, பதிவில் தெரியும் நேரம் தப்பாகிவிடும். செல்போனில் பார்க்க, இணையத்திலிருந்து உள்ளே வரும் வழியாக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட வேண்டாம். விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக என்விஆரை மட்டும் அணுகுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

மதிப்பீட்டுத் தாளில் “16 போர்ட் பிஓஇ ஸ்விட்ச்” என்று மட்டும் எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாடல் எண், மொத்த வாட், தரநிலை, அப்லிங்க் வேகம், கேபிள் முழுச் செம்பு என்ற குறிப்பு எல்லாம் எழுத்தில் வேண்டும். யுபிஎஸ் இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனியாக வேண்டும். முன்னால் இருப்பது என்விஆரையும் ஸ்விட்சின் முழு இரவு வாட்டையும் தாங்க வேண்டும். மின்தடையின்போது இருட்டில் ஐஆர் விளக்கும் அதிலிருந்துதான் எரியும். பின்கிடங்கு ஸ்விட்சை மூடிய இரும்புப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள் என்றால், அந்தச் சூட்டை அது தாங்குமா என்று விவரத்தாளின் வெப்ப வரம்பைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்விட்ச், என்விஆர், கேமராக்களின் அட்மின் பாஸ்வேர்டுகள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். பொருத்தியவர் தன்னிடமே வைத்துக்கொள்வது வழக்கம் என்று சொல்லலாம். கருவிகள் உங்களுடையவை, பாஸ்வேர்டும் உங்களுடையது. பழுது பார்க்க அவருக்குக் குறைந்த அனுமதியோடு தனிக் கணக்கு கொடுங்கள். எந்தப் போர்ட்டில் எந்தக் கேமரா என்ற பட்டியலையும், ஸ்விட்ச் அமைப்பின் பேக்கப் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கடைசித் தவணையை, எல்லா ஐஆர் விளக்குகளும் எரியும் ஓர் இரவு முழுக்க 14 கேமராக்களும் இடைவெளி இல்லாமல் பதிவானதை மறுநாள் என்விஆரில் ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.